பண்டாரி தலைமுழுகிய ஏரி

தலையையும் மீசையையும் மழித்துக்கொண்டு பண்டாரி காலைத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தபோது கேப்டன் கோப்பையைத் தொடவில்லை. கொஞ்ச நேரம் அந்த மொட்டைத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இந்தியில், "இன்னொரு தந்தி வந்ததா?" என்று கேட்டார். இல்லை என்று பண்டாரி தலையாட்டினார். "அப்படியானால் உனக்கு எப்படித் தெரியும்?" என்றார் கேப்டன். அந்த அறையின் வெந்நீர்க் குழாயில் ஒழுக்கு அடைக்கப் போயிருந்த நான் ஸ்பேனரைக் கையில் பிடித்தபடி நின்றேன். பண்டாரி தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குக் கேப்டன் மேல் எரிச்சல் வந்தது. காற்றையும் நட்சத்திரத்தையும் கணக்குப் போட்டுக் கப்பலைக் கொண்டுபோகிற மனிதருக்கு ஒரு சாவுச் செய்தியை வாசிக்கத் தெரியவில்லையே என்று நினைத்தேன். இன்றைக்கு எனக்கு எழுபத்தைந்து வயது தாண்டிவிட்டது. அந்த அறையில் அன்று சரியாக வாசிக்கத் தெரிந்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

எழுபதுகளின் தொடக்கம். தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் இன்னும் திறக்கவில்லை. கப்பல்கள் கரைக்கு வராமல் தொலைவிலேயே நங்கூரம் போட்டு நிற்கும். உப்பு மூட்டைகளைத் தோணிகளில் ஏற்றிக்கொண்டு போய்க் கப்பலில் சேர்ப்பார்கள். எங்கள் கப்பல் அப்படித்தான் தூத்துக்குடி உப்பை வயிறு நிறைய ஏற்றிக்கொண்டு ஜப்பானுக்குப் போனது. நான் எஞ்சின் அறையில் ஃபிட்டர். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவரான சாரங்கு காயல்பட்டினத்துக்காரர். அந்த ஊர் முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல அவரை நாங்கள் எல்லாரும் காக்கா என்போம். பண்டாரி என்பது கப்பலில் சமையல்காரருக்குப் பெயர். எங்கள் பண்டாரி ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஆற்றங்கரை ஊர், வயல்காட்டுக் குடும்பம். கடலைப் பார்த்தாலே பயப்படுகிற ஊரில் பிறந்துவிட்டு இருபது வருடமாகக் கடலில் சோறு பொங்கிக்கொண்டிருந்தார். கப்பல் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் சாம்பார் சாயாது. உப்பு மட்டும் ஒரு கல் கூடுதலாக இருக்கும். "உப்புக் கப்பல்ல உப்புக் கொறஞ்சா கேவலம்லா" என்பார்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் அவருடைய அம்மா கருப்பட்டியும் முறுக்கும் கட்டிக்கொண்டு தூத்துக்குடிக் கடற்கரைக்கு வந்திருந்தாள். நல்ல உயரமான கிழவி, வயலில் நின்று நின்று காய்ந்த உடம்பு. தூரத்தில் பொட்டுப்போலத் தெரிந்த கப்பலைக் கையைப் புருவத்தில் வைத்துப் பார்த்தாள். "அந்தா தெரியிதே, அதுதானா ஒங்கப்பலு? அதுக்குள்ளயா அடுப்பு எரியுது?" என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். போகும்போது மகனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "ஏலே, ஒங்கப்பனுக்குத்தான் வரல. எனக்காவது வந்து சேந்துரு" என்றாள். பண்டாரியின் அப்பா இறந்தபோது அவர் ஆப்பிரிக்கக் கரையில் எங்கேயோ இருந்தார். பங்காளி மகன்தான் கொள்ளி வைத்தான். ஒற்றை மகன் இருந்தும் அடுத்தவன் கொள்ளி வைத்தான் என்று ஊரில் யாரோ சொன்னது அவரை வருடக்கணக்காக அரித்துக்கொண்டிருந்தது. "ஒனக்கு நாந்தான் வைப்பேன், போதுமா? சாவுற பேச்ச விட்டுட்டு பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு" என்று அவளை விரட்டினார். பஸ் மறைகிறவரை அங்கேயே நின்றார்.

ஜப்பானில் யோக்கோஹாமாவுக்குப் பக்கத்தில் உப்பு இறக்கிக்கொண்டிருந்தபோதுதான் தந்தி வந்தது. திருக்கார்த்திகை கழிந்து சில நாள் ஆகியிருக்கும். நாங்கள் அறிந்திராத குளிர். தாய் உடல்நிலை மிகவும் மோசம், உடனே புறப்பட்டு வா என்று ஆங்கிலத்தில் நாலைந்து வார்த்தை. ஏஜண்டு கொண்டுவந்து கொடுத்ததைக் காக்காதான் முதலில் வாங்கிப் படித்தார். படித்து முடித்ததும் அவர் வாய் தானாக, "இன்னாலில்லாஹி" என்று தொடங்கிவிட்டது. சாவுச் செய்தி கேட்டால் அவர்கள் சொல்வது அது. பண்டாரி மாவு பிசைந்த கையோடு வந்து நின்றார். காக்கா அவர் தோளில் கையை வைத்தார். அவ்வளவுதான். தந்தியில் எழுதியிருந்ததைக் காக்கா சொல்லி முடித்தபோது பண்டாரி அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காமல் போகலாம், ஆகவே சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் யாரும் சாவை நேராகச் சொல்லி அனுப்புவதில்லை. சாதி மதம் எல்லாவற்றுக்கும் பொதுவான வழக்கம் இது. என் அப்பா சங்கு குளிக்கப் போனவர் ஒருநாள் மேலே வரவில்லை. கரையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்த இரண்டு பேர், "லேசா மயக்கம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு, நீங்க வாங்க" என்றுதான் சொன்னார்கள். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போவதற்குத் துணி எடுக்கவில்லை. அந்த இடத்திலேயே தலையை அவிழ்த்துப்போட்டு அழத் தொடங்கினாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்து உடன் அழுதார்கள். மயக்கம் என்றுதானே சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பயணம் வருகிறவன் வழியில் நெஞ்சு வெடித்துச் செத்துவிடக் கூடாது என்று ஏற்பட்ட இரக்கம் அது. சீக்காளி என்று சொல்லி வரவழைத்து, வாசலில் பந்தலைக் காட்டுவார்கள். தந்தி வந்த பிறகு அதுவே தந்தி மொழியாகவும் ஆகிவிட்டது. இந்த இரக்கத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. உண்மையிலேயே படுத்துக்கிடக்கிற ஒருத்திக்காக என்ன எழுதி அனுப்புவது? அதை எங்கள் ஊரில் யாரும் யோசித்துப் பார்க்கவில்லை. கப்பலில் இருந்த எங்கள் பக்கத்து ஆட்களும் யோசிக்கவில்லை.

கேப்டன் நல்ல மனிதர். அன்று மாலையே பண்டாரியைக் கூப்பிட்டு, ஏஜண்டிடம் பேசிவிட்டதாகவும், விமானத்தில் அனுப்பிவைப்பதாகவும், நான்கு நாளில் வீட்டில் இருக்கலாம் என்றும் சொன்னார். அந்தக் காலத்தில் ஒரு சமையல்காரனுக்கு விமானம் என்பது கேள்விப்படாத விஷயம். பண்டாரி துணைக்குப் போயிருந்த காக்காவையும் என்னையும் பார்த்தார். காக்கா, "நாலு நாளுல போயி என்னத்தம்பி பாக்க? மௌத்தானவங்கள அவ்வளவு நாளா வச்சிருப்பாங்க?" என்றார் மெதுவாக. அதில் அவர் தப்பாக எதுவும் சொல்லவில்லை. எங்கள் வெயிலில் செத்த உடம்பை ஒரு பொழுதுக்குமேல் வைக்க முடியாது. பண்டாரி கேப்டனிடம் வேண்டாம் என்றார். "அவ ஆத்தங்கரையில சாம்பலாப் போயிருப்பா. சாம்பலப் பாக்கவா ஏரோப்ளேன்ல போவேன்? அக்கா மகன்தான் கொள்ளி வச்சிருப்பான். இதுக்கும் தவறிட்டேன்" என்று எங்களிடம் தமிழில் சொன்னார். இதுக்கும் தவறிட்டேன் என்பதைத்தான் இரண்டு நாளும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். சோறு பொங்குவதை மட்டும் நிறுத்தவில்லை. சாம்பாரில் உப்பே இல்லை. யாரும் அதைச் சொல்லாமல் சாப்பிட்டோம்.

கொள்ளிதான் வைக்க முடியவில்லை, தலையாவது முழுக வேண்டும் என்றார். கேதம், அதாவது சாவுச் செய்தி, கேட்டால் முழுக வேண்டும்; மகன் என்றால் முடி இறக்கி, முழுகி, எள்ளும் தண்ணீரும் விட வேண்டும். ஆனால் கப்பல் குழாய்த் தண்ணீரில் அவருக்கு மனம் ஒப்பவில்லை. "டாங்கித் தண்ணியில தீட்டுப் போவாது. ஆறோ கொளமோ வேணும். கடலு வேண்டாம்" என்றார். துறைமுகத்தில் அத்தனை கப்பல் நெருக்கத்தில் எண்ணெய் மிதந்த கடல் அது. அதில் யார் முழுகுவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை மாலுமிகள் மன்றத்துக்காரர்கள் எங்களை ஒரு பேருந்தில் மலைக்கு அழைத்துப்போவதாக இருந்தது. மலைமேல் ஊற்றிலிருந்து வெந்நீர் தானாகவே பொங்கி வருகிறது, அதற்கும் மேலே பெரிய ஏரி இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். ஏரி என்ற வார்த்தையைக் கேட்டதும் பண்டாரி தானும் வருகிறேன் என்றார். இட்லிப் பொடிக்கு வைத்திருந்த கறுப்பு எள்ளில் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டார். விடியற்காலையில் கண்ணாடி முன் நின்று தானே மழித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில்தான் கேப்டனுக்குத் தேநீர் கொண்டுபோனார்.

பேருந்தில் இருந்த மற்றவர்கள் பல கப்பல்களின் ஆட்கள், பல பாஷைக்காரர்கள். பாட்டும் சிரிப்புமாக வந்தார்கள். காக்கா, பண்டாரி, நான் என்று எங்கள் மூவரின் வரிசை மட்டும் கேத வீட்டுக்குப் போகிற வண்டியாக இருந்தது. மலை ஏற ஏற மரங்கள் எல்லாம் சிவந்து இலை உதிர்ந்து நின்றன. முதலில் இறங்கிய இடத்தில் மலை ஒரு பக்கம் பிளந்து, மஞ்சள் மஞ்சளாகப் பாறை, இடுக்குகளில் எல்லாம் ஆவி. கந்தக நாற்றம் மூக்கைத் துளைத்தது. தீப்பெட்டி ஆபீசுக்குள் நுழைந்ததுபோல இருக்கிறது என்று நான் சொல்லிப் பார்த்தேன். பண்டாரி சிரிக்கவில்லை. அந்தக் கொதிக்கும் தண்ணீரில் முட்டையை அவித்து விற்றார்கள். ஓடு கரிக்கட்டையாகக் கறுத்திருக்கும். ஒன்று தின்றால் ஆயுசில் ஏழு வருடம் கூடும் என்று வழிகாட்டியாக வந்த ஜப்பானியப் பெரியவர் விரலைக் காட்டிச் சொன்னார். எல்லாரும் போட்டி போட்டுக்கொண்டு வாங்கினார்கள். துக்கம் காக்கிறவர் முட்டை தின்னக் கூடாது. பண்டாரி ஒன்றைக் கையில் வாங்கி, சூட்டுக்கு அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்துவிட்டு என்னிடம் கொடுத்தார். "நீ தின்னு. ஒம் புள்ளையளுக்கு நீ வேணும்" என்றார். நான் தின்றேன். எனக்கு அந்த ஏழு வருடமும் கூடிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

அங்கிருந்து கீழே ஒரு குளியல் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கல்தொட்டியில் ஊற்று வெந்நீர் ஆவி பறக்க நிறைந்திருந்தது. குளிரில் விறைத்துப்போயிருந்த எல்லாரும் வெட்கத்தை மறந்து உள்ளே இறங்கினார்கள். காக்கா துண்டைக் கட்டிக்கொண்டு கழுத்துவரை உட்கார்ந்து கண்ணை மூடிவிட்டார். பண்டாரி உள்ளே வரமாட்டேன் என்றார். நல்லதுக்கு வெந்நீர், கெட்டதுக்குப் பச்சைத் தண்ணீர் என்பது அவர்கள் வீட்டு முறை. அம்மா போன பிறகு வெந்நீரில் சுகமாக உட்கார்வதா என்று வெளியே ஒரு பலகையில் கம்பளிக்குள் ஒடுங்கிக்கொண்டார். அந்த வீட்டுக்காரப் பெண் இரண்டு தடவை வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். எனக்கும் உள்ளே இருக்கப் பிடிக்கவில்லை. சீக்கிரமே எழுந்து வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் அம்மாவைப் பற்றிப் பேசினார். நாற்று நடுகிற காலத்தில் நடுவில் கரையேறி வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி வயலில் இறங்குவாளாம். சமையல் அவளிடம்தான் கற்றாராம். மகன் கப்பலில் வெள்ளைக்காரனுக்குச் சமைக்கிறான் என்று ஊரெல்லாம் சொல்வாளாம். "வெள்ளக்காரன் எங்க இருக்கான் நம்ம கப்பல்ல? சொன்னாக் கேக்கமாட்டா" என்றார். அந்த இரண்டு நாளில் அவர் சிரித்தது அப்போது மட்டும்தான்.

ஏரியை நாங்கள் அடைந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. சுற்றிலும் மலை, நடுவே கறுத்த தண்ணீர். எதிரே வெகுதூரத்தில் பனி மூடிய சிகரம் ஒன்று தெரிந்தது. மற்றவர்கள் அதைப் படம் பிடிக்கப் படகுத்துறைக்கு ஓடினார்கள். நாங்கள் கரையோரமாக நடந்து ஆளில்லாத ஒரு கல் சரிவுக்குப் போனோம். பண்டாரி சட்டை, கம்பளி எல்லாம் கழற்றி ஒற்றை வேட்டியோடு நின்றார். உடம்பு முழுக்கப் புல்லரித்திருந்தது. தென்திசை எது என்று காக்காவிடம் கேட்டார். காக்கா சூரியனைப் பார்த்துக் கையை நீட்டிக் காட்டினார். பண்டாரி தண்ணீரில் இறங்கி மூன்று தடவை முழுகினார். மூன்றாவது முழுக்கில் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதற்குள் வழிகாட்டிப் பெரியவர் எங்கிருந்தோ பார்த்துவிட்டுக் கத்திக்கொண்டு ஓடி வந்தார். இந்த மனிதன் தண்ணீரில் விழுந்து சாகப் போகிறான் என்று பயந்துவிட்டார். பூட்ஸ் காலோடு அவரும் தண்ணீரில் இறங்கிவிட, நான் இறங்கி அவரைப் பிடித்துக்கொண்டேன். காக்கா உடைந்த ஆங்கிலத்தில், "அம்மா, அம்மா இறந்துபோனார்" என்று சொன்னார். பெரியவர் அப்படியே நின்றார். பிறகு தொப்பியை எடுத்துவிட்டு, முழங்கால் தண்ணீரில் இடுப்புவரை குனிந்து வணங்கினார். பண்டாரி காகிதத்தைப் பிரித்து எள்ளைக் கையில் வைத்து, அம்மாவின் பெயரைச் சொல்லி, தண்ணீரோடு சேர்த்து விரலிடுக்கில் விட்டார். பல் கிடுகிடுத்ததில் பெயர் சரியாக வரவில்லை. அதனால் மறுபடி சொன்னார். காக்கா உலர்ந்த வேட்டியை விரித்துப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். ஒரு மகன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டான் என்று எங்களுக்கு மனம் நிறைந்திருந்தது.

அதன் பிறகு கப்பல் உடனே ஊர் திரும்பவில்லை. சிங்கப்பூரில் வேறு சரக்கு, வேறு உத்தரவு. கடிதங்கள் எங்களைத் துரத்திக்கொண்டு வந்து ஒரு துறைமுகத்திலும் பிடிக்கவில்லை. பண்டாரியும் வீட்டுக்கு எழுதவில்லை. கேத வீட்டுக்குக் காகிதம் போடுவதா, போய் நின்று அழுவதுதானே முறை என்று இருந்துவிட்டார். இப்போது என் மகள் அரபு நாட்டிலிருந்து தினமும் கைப்பேசியில் முகத்தைக் காட்டுகிறாள். நான் ஒரு தும்மல் தும்மினால் கேட்டுவிட்டு மருந்து சொல்கிறாள். அவளுக்கு இந்தக் கதையைச் சொன்னால், ஏன் ஒருத்தராவது திருப்பிக் கேட்கவில்லை என்றுதான் கேட்பாள்.

மாசி மாதம் நாங்கள் தூத்துக்குடியில் இறங்கினோம். துக்கம் கேட்க நானும் பண்டாரியோடு அவர் ஊருக்குப் போனேன். வாசலில் அவரைக் கண்டதும் அவருடைய அக்கா மாரில் அடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "இப்பத்தான் வழி தெரிஞ்சுதால ஒனக்கு? ஒன்னத் தேடித் தேடியே போனாளே!" என்று கட்டிக்கொண்டு அழுதாள். ஒப்பாரியில் எல்லாரும் சொல்வதுதானே என்று நான் நினைத்தேன். அழுகை ஓய்ந்து, தண்ணீர் குடித்து, அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சாதாரணமாகப் பேசத் தொடங்கியபோதுதான் விஷயம் வந்தது.

"கார்த்திகையில விழுந்தா. ஒரு பக்கம் கையுங் காலும் வெளங்காமப் போச்சு. தந்தி அடிச்சாச்சு, தம்பி வாரான்னு சொல்லிச் சொல்லித்தான் வச்சிருந்தோம். மார்கழி பூரா கெடந்தா. ரோட்டுல பஸ்ஸு சத்தம் கேட்டா வந்துட்டானாம்பா. பொங்கலுக்கு முந்தி இழுத்துக்கிட்டுக் கெடந்தா, உயிரு போவல. ஒம்மேல உள்ள ஆசைன்னு எல்லாருஞ் சொன்னாவ. எம்மவன விட்டு, அம்மா நான் வந்துட்டேன்னு சொல்லிப் பாலு ஊத்தச் சொன்னேன். அவன் கையத் தடவிப் பாத்தா. இது அவன் கை இல்லன்னுட்டா, லே. பாலத் துப்பிட்டா. பொங்கக் கழிச்சுத்தான் போனா."

 நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து வெளியே ஓடிவிடலாம் போல இருந்தது. அக்கா அவர் தலையைப் பார்த்தாள். முடி நன்றாக வளர்ந்திருந்தது. "சரி, எந்திரி. ஆத்துக்குப் போயி முடி எறக்கி, முழுகிட்டு, அம்மைக்கு எள்ளுந் தண்ணியும் விட்டுட்டு வா. அதையாவது செய்யி" என்றாள்.

"விட்டாச்சுக்கா" என்றார் பண்டாரி.

"எப்பம்?"

"கார்த்திகையில. தந்தி கெடச்ச மூணா நாளு. ஞாயித்துக்கெழம. அம்ம போயிட்டான்னுதான் தந்தி அடிச்சிருக்கீயன்னு நெனச்சேன். கேப்டன் ஏரோப்ளேன்ல அனுப்புதேன்னாரு. நான் வேண்டாம்னுட்டேன். மொட்ட போட்டு, அங்கன ஒரு ஏரியில முழுகி விட்டுட்டேன்."

அக்காவுக்குப் புரிய நேரமாயிற்று. புரிந்த பிறகு அவள் கத்தவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கையை மடியில் போட்டுக்கொண்டு எதையோ நினைத்து நினைத்துப் பார்த்தவள் மெதுவாகச் சொன்னாள்.

"அந்த ஞாயித்துக்கெழமையா? அன்னைக்குத்தாம்ல மொதமொதல்ல கண்ணு முழிச்சுக் கஞ்சி கேட்டா. தம்பி வாரதுக்குள்ள எந்திரிச்சிரணும்னு சொன்னா. நாந்தான் வச்சுக் குடுத்தேன்."

 பண்டாரி நிமிர்ந்து அக்காவிடம் கேட்டார்.

"முழுசாக் குடிச்சாளா?"

"முழுசாக் குடிச்சா, லே" என்றாள் அக்கா.